கீறல் என்றால் கோடு

ஆய்வேட்டின் நான்காம் இயலுக்காக எல்லையோரச் சிற்றூர்களின் முதியோர் பேச்சை ஒலிப்பதிவு செய்து, பிராட் மென்பொருளில் ஒவ்வொரு சொல்லாக வெட்டிக் குறித்துக்கொண்டிருந்தேன். ஸ்பெக்ட்ரோகிராமில் அடைப்பொலி விடுபடும் கணம் ஒரு மெல்லிய செங்குத்துக் கோடாகத் தெரியும் என்பதை ஒலியியல் பயின்றவர்கள் அறிவர். ஒரு பிற்பகலில், நெடில் உயிர் ஒன்றின் நட்டநடுவே அப்படியொரு கோடு நின்றது. அங்கே வெடிப்பு வர வழியே இல்லை. தொண்டை இறுக்கமாக இருக்கலாம் என்று குறிப்பெழுதி, பேராசிரியரிடம் கேட்க வேண்டும் என்று விண்மீன் குறியும் இட்டேன். அடுத்த பதிவைத் திறந்தபோதும் கோடு அதே இடத்தில் இருந்தது. மென்பொருளை மூடினேன், கோடு மூடவில்லை. பழுது திரையில்தான். அதற்குள் எத்தனை எல்லைகளைப் பிழையாகக் குறித்திருந்தேன் என்பதைச் சரிபார்க்கவே மூன்று நாள் ஆயிற்று.

1920க்கு 1080 என்ற அளவுள்ள திரையில் ஏறத்தாழ இருபது லட்சத்து எழுபத்து மூவாயிரம் புள்ளிகள் உண்டு. ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று உட்புள்ளிகளால் ஆனது. ஓட்டுச்சில்லு பொருத்திய மெல்லிய நாடாக்கள் கண்ணாடியின் விளிம்பில் ஒட்டப்பட்டிருக்கும். அவ்வொட்டு ஓரிடத்தில் விட்டால் ஒரு நெடுவரிசை முழுவதும் குறிப்பலை இன்றிப் போகும். வெப்பத்தில் விரிந்து, குளிர்ந்தால் மீண்டும் ஒட்டிக்கொள்வதும் உண்டு. என் திரையின் கோடு முக்கால் மணி நேரம் சூடேறிய பின்னரே தோன்றும். பழுது பார்க்க வந்த இளைஞரோ பதினைந்து நிமிடம்தான் ஒதுக்க முடியும். ‘பழுது காணப்படவில்லை’ என்று எழுதிச் சென்றார். அவர்மேல் எனக்குக் குறையில்லை. அன்று அவர் இன்னும் ஆறு வீடுகளுக்குப் போகவேண்டியிருந்தது.

அதன்பின் எல்லை குறுக்கிட்டது. திரையை வாங்கியது மார்த்தாண்டத்தில், ஆடித் தள்ளுபடியில். வீடு பாறசாலையை அடுத்து. பேருந்தில் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடலாம். களியக்காவிளையில் மாநிலம் மாறுவதைப் பெயர்ப் பலகையின் எழுத்தைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். ஆனால் கடைச்சீட்டின் அஞ்சல் குறியீடு 629 என்று தொடங்குகிறது, என் வீட்டுடையது 695 என்று. தொலைபேசியில் தமிழைத் தெரிவு செய்தேன். குறியீட்டைச் சொன்னதும் வேறு மண்டலத்துக்கு மாற்றினார்கள். அங்கே சீட்டைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு வாரம் இப்படிப் போயிற்று. 1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு முதலிய தென் வட்டங்கள் சென்னை மாநிலத்துக்குச் சென்றதும், நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றதும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் பேசும் செய்தி. அது ஒரு கணித்திரையின் பழுதுக்குள்ளும் வந்து நிற்கும் என்று எண்ணியதில்லை. இறுதியில் நாற்பத்தேழு நிமிடக் காணொளி எடுத்து அனுப்பி, மாற்றுத் திரை பெற்றேன். எனக்கு மலையாளமும் ஆங்கிலமும் தெரியும். விடாமல் மின்னஞ்சல் எழுதும் பழக்கத்தை முனைவர் பட்டப் படிப்பு தந்திருக்கிறது. என் கதை அவ்வளவே.

இப்பதிவை எழுத வைத்தவர் எங்கள் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பெரியவர். தமிழ்வழியில் படித்தவர். மலையாளம் பேசுவார், வாசிப்பது தமிழ் மட்டுமே. அவருடைய திரையிலும் இதே போன்ற கோடு. தொலைபேசியில் அவர் சொன்னது: ‘ஸ்கிரீன்ல ஒரு கீறல் விழுந்திருக்கு.’ எங்கள் பக்கத்துப் பேச்சில் கீறல் என்றால் கோடு. தரையில் கோடு போடுவதும் கீறுவதுதான், நோட்டில் அடிக்கோடிடுவதும் கீறுவதுதான். மறுமுனையில் இருந்தவர் அதைக் ‘கீறல்’ என்றே கேட்டு, ஆங்கிலப் பட்டியலில் ‘ஸ்கிராட்ச்’ என்ற இடத்தில் பதிந்தார். பட்டியலில் அது ‘வெளிச்சேதம்’ என்னும் பிரிவைச் சேர்ந்தது. வெளிச்சேதத்துக்கு வாரண்டி இல்லை. வீட்டுக்கு வந்தவர் பதிவானதைப் பார்த்தார், திரையைச் சரியாகப் பார்க்கவில்லை. பெரியவர் நீட்டிய தாளில் கையொப்பமிட்டார். அது ஆங்கிலத்தில் இருந்தது. ‘வாடிக்கையாளரால் நேர்ந்த சேதம், ஒப்புக்கொள்ளப்பட்டது’ என்பது அதன் பொருள். வந்துபோனதற்கான கையொப்பம் என்று அவர் எண்ணியிருந்தார்.

பொருள்மயக்கம் என்று வகுப்பில் நாம் படிப்பதற்கு இதைவிட விலையுயர்ந்த எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை. அவர் கடையின் இரண்டு மாத வாடகை அதன் விலை.

நம் கடைத்தெருவில் ஒரு வழக்கு உண்டு. ‘கேரண்டி’ என்றால் புதிதாக மாற்றித் தருவார்கள். ‘வாரண்டி’ என்றால் பழுது மட்டும் பார்த்துத் தருவார்கள். சொற்பிறப்பை நோக்கினால் இரண்டும் ஒன்றே. ஜெர்மானிய வேரிலிருந்து பழைய பிரெஞ்சுக்கு வந்த சொல். நார்மன் வழக்கு வகரத்தை வைத்துக்கொண்டது, நடுப் பிரெஞ்சு அதைக் ககரமாக்கியது. ஆங்கிலம் இரண்டையும் கடன் வாங்கியது. ஆயினும் கடைக்காரர்கள் செய்யும் வேறுபாட்டை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 12ஆம் பிரிவில், ‘நிபந்தனை’ வேறு, ‘வாரண்டி’ வேறு என்கிறது. நிபந்தனை மீறப்பட்டால் பொருளையே மறுக்கலாம். வாரண்டி மீறப்பட்டால் இழப்பீடு மட்டுமே கேட்கலாம். மார்த்தாண்டம் கடைக்காரர் அச்சட்டத்தைப் படித்திருக்க மாட்டார். ஆனால் ஒரு சொல்லுக்கு முழு உரிமையும் மற்றொன்றுக்குப் பாதி உரிமையும் உண்டு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

உத்தரவாதம் என்ற நம் சொல்லும் கவனிக்கத்தக்கது. வடமொழியில் உத்தரவாதி என்றால் மறுமொழி சொல்பவன், வழக்கில் எதிர்வாதி. மலையாளத்தில் உத்தரவாதித்தம் பொறுப்பைக் குறிக்கிறது. பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்பதே அடிப்படை. இரண்டு வாரம் இசைத்தட்டை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு இந்தச் சொற்பிறப்பு கொஞ்சம் எரிச்சலூட்டியது.

எனக்கு வந்த மாற்றுத் திரையின் பெட்டியில் ‘புதுப்பிக்கப்பட்டது’ என்ற பொருள்படும் ஆங்கில ஒட்டுச்சீட்டு இருந்தது. அட்டையைத் திரும்பப் படித்தேன். ‘இணையான பொருள்’ என்றுதான் அதில் உள்ளது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவோ, ஆணையம் பிறப்பிக்கக்கூடிய ஆணைகளைச் சொல்லும்போது, குறையற்ற ‘புதிய’ பொருளால் மாற்றித் தருதல் என்கிறது. அட்டையின் பெயரடை ஒன்று, சட்டத்தின் பெயரடை வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையிலான தூரத்தை வாங்குபவர் தம் மொழியில் ஒருமுறையேனும் படிக்க வாய்ப்பிருக்க வேண்டாமா? அதுவே என் வாதம்.

அரசமைப்பின் 350ஆம் உறுப்பு, குறைதீர்க்கக் கோரும் முறையீட்டை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் அதிகாரியிடம் அளிக்கலாம் என்கிறது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிகள் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்தோடு தம் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்த இடமளிக்கிறது. ஆக, ஜெராக்ஸ் கடைப் பெரியவர் தம் கோரிக்கையைத் தமிழில் தலைமைச் செயலகத்துக்கு எழுதலாம். திரையில் கோடு விழுந்ததைத் தமிழில் ஒரு நிறுவனத்திடம் பதிவு செய்ய அவருக்கு எந்த உரிமையும் இல்லை. பொட்டலமிட்ட பொருள்கள் பற்றிய 2011ஆம் ஆண்டின் விதிகளும் கட்டாய விவரங்களை இந்தியிலோ ஆங்கிலத்திலோ அச்சிட்டால் போதும் என்கின்றன. பிற மொழிகளைச் சேர்க்கத் தடையில்லை, கட்டாயமும் இல்லை. வாரண்டி நிபந்தனைகளும், வாடிக்கையாளர் கையொப்பமிடும் தாளும், அவர் தெரிவு செய்யும் அட்டவணை மொழியில் இருக்க வேண்டும் என்று விதியை மாற்றுவது பெரிய சட்டப்புரட்சி அன்று. பழுதை அவர் சொன்ன சொற்களிலேயே ஒரு வரி பதிய வேண்டும் என்பதையும் அதனுடன் சேர்ப்பேன். எனக்கு அதுவே முதன்மையானது.

செலவாகும் என்பார்கள். அதே நிறுவனங்கள் பொங்கலுக்குத் தமிழிலும் ஓணத்துக்கு மலையாளத்திலும் விளம்பரம் செய்யத் தயங்குவதில்லை. மொழிபெயர்ப்பு மோசமாக இருக்கும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். அந்த அச்சம் எனக்கும் உண்டு; இயந்திரம் மொழிபெயர்த்த தமிழ் அட்டை ஆங்கில அட்டையைவிடப் பெரிய பொறியாகலாம். இரண்டு பாடங்களில் வேறுபாடு எழுந்தால் வாங்கியவருக்குச் சாதகமான பாடமே செல்லும் என்று விதித்துவிட்டால், நல்ல மொழிபெயர்ப்பாளர்களைத் தேடும் பொறுப்பை நிறுவனங்களே ஏற்கும். மொழியியல் முதுகலை முடித்து வேலையற்றிருக்கும் நம்மில் சிலருக்கும் வழி பிறக்கும்.

இதற்கிடையில் செய்யக்கூடியது உண்டு. 2019ஆம் ஆண்டுச் சட்டம், புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க அனுமதிக்கிறது. பழைய 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்த வசதி இல்லை. கடை எல்லைக்கு அப்பால், வீடு இப்பால் என்றிருக்கும் எங்களைப் போன்றோருக்கு இது பெரிய மாற்றம். பொருளின் விலை ஐந்து லட்சத்துக்கு மேற்படாவிட்டால் கட்டணம் இல்லை. வழக்கின் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம்.

பெரியவரின் புகாரைச் சென்ற ஞாயிற்றுக்கிழமை அவர் கடையில் அமர்ந்து எழுதினோம். முதல் வரியில் ‘செங்குத்துக் கோடு’ என்று எழுதினேன். அவர் அடித்துவிட்டார். ‘நான் சொன்னது கீறல். அப்படியே எழுதும். வேணும்னா பக்கத்துல படம் ஒட்டும்’ என்றார். அப்படியே எழுதி, படத்தை ஒட்டினேன்.