ஈரல் சிகிச்சையும் ஆஸ்பத்திரிக் கணக்கும்

தணிக்கை செய்யப்படாத ஐந்தொகையைக் காட்டி, "சங்கம் லாபத்தில் நடக்கிறது" என்று காரியதரிசி சொன்னால் நம் அங்கத்தினர்கள் ஒப்பமாட்டார்கள். ஆஸ்பத்திரிகளின் விஷயத்தில் இந்தக் கண்டிப்பு நம்மிடம் இல்லை. புதிய கட்டடமும் புதிய கருவியும் வந்தன, பெரிய ஆபரேஷன்கள் நடக்கின்றன என்று கேட்டவுடன் திருப்தி அடைந்துவிடுகிறோம். ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று கேட்பதில்லை. இக்கேள்வி எவ்வளவு அவசியமானது என்பதை, வசதி குறைந்த ஆஸ்பத்திரிகளில் நடைபெறும் கல்லீரல் ஆபரேஷனைக் கொண்டு அறியலாம்.

கல்லீரலுக்கு ஓர் அரிய குணம் உண்டு. நோயற்ற ஈரலில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கை அகற்றினாலும், எஞ்சிய பகுதி சில மாதங்களில் வளர்ந்து இழப்பைப் பெரும்பாலும் ஈடுசெய்துவிடும். காமாலைக் கிருமியாலோ மதுவாலோ தழும்பேறிச் சுருங்கிய ஈரலுக்கு இந்த வல்லமை குறைவு. அதில் ஐந்தில் இரண்டு பங்காவது எஞ்சியிருக்கவேண்டும் என்பது வைத்தியர் கொள்கை.

ஈரலை அறுக்கும் வித்தை செல்வ நாடுகளின் தனிச்சொத்து அன்று. வியட்நாமின் ஹனோய் நகரில் டாக்டர் டோன் தட் துங், 1930களிலேயே இருநூறுக்கும் மேற்பட்ட ஈரல்களைப் பிரித்து ஆராய்ந்து, அவற்றினுள் ரத்தக் குழாய்கள் கிளைக்கும் விதத்தைக் கண்டறிந்தார். பின்னர், ஈரலுக்குச் செல்லும் ரத்தத்தைச் சில நிமிஷங்கள் தடுத்து நிறுத்தி, அதன் சதையை விரல்களாலேயே நசுக்கிப் பிரித்து, இடையே தென்படும் குழாய்களைக் கட்டும் முறையைக் கையாண்டார். 1963இல் 'லான்செட்' என்னும் ஆங்கில வைத்தியப் பத்திரிகையில் அதை விவரித்தார்.

ஆனால் நோயாளியின் கதி ஆபரேஷன் மேஜையுடன் முடிவதில்லை. ரத்தக் கசிவு, பித்தக் கசிவு, சீழ்பிடித்தல், எஞ்சிய ஈரல் செயலிழத்தல் ஆகியவை பின்வரும் நாட்களில் தலைகாட்டுகின்றன. 775 நோயாளிகளை ஆராய்ந்த பிரெஞ்சு வைத்தியர்கள் 2005இல் ஒரு முடிவு வெளியிட்டனர். ஐந்தாம் நாளில் ரத்தத்தில் பித்த நிறமி குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஏறி, ரத்தம் உறையும் திறனும் பாதிக்குக் கீழ் இறங்கியிருந்தால், அத்தகையோரில் நூற்றுக்கு 59 பேர் மாண்டனர். மற்றவர்களில் நூற்றுக்கு ஒருவரே மாண்டார். இதை அறியத் தேவையானவை இரண்டு சாதாரண ரத்தப் பரிசோதனைகள்தாம்.

எல்லா வகை ஆபரேஷன்களையும் சேர்த்து ஆப்பிரிக்காவின் 25 நாடுகளில், 247 ஆஸ்பத்திரிகளில் ஒரு வார காலம் கணக்கெடுத்து 2018இல் வெளியிட்டார்கள். அங்கே நோயாளிகள் வயதில் இளையவர்கள். ஆயினும் சாவு உலக சராசரியைப்போல் இருமடங்கு. மாண்ட 239 பேரில் 225 பேர் ஆபரேஷன் நடந்த நாளுக்குப் பின்னரே மாண்டனர். அமெரிக்காவில் 2009இல் வெளியான ஆராய்ச்சியும் இதையே காட்டிற்று. சாவு குறைந்த ஆஸ்பத்திரிகளிலும் மிகுந்த ஆஸ்பத்திரிகளிலும் சிக்கல்கள் ஏறக்குறையச் சமமாகவே நேர்ந்தன. பெரிய சிக்கல் நேர்ந்தபின் மாண்டவர்களோ முன்னதில் நூற்றுக்கு 12.5 பேர், பின்னதில் 21.4 பேர். அறுந்த இழையை உடனே கண்ட நெசவாளி ஒரு முடிச்சில் சரிசெய்வார். முழம் நெய்தபின் கண்டால் துணி பழுது.

"அப்படியானால் அடிக்கடி கவனிக்கும்படி உத்தரவிட்டால் போதுமே" என்பர் சிலர். அதையும் ஆப்பிரிக்காவில் 332 ஆஸ்பத்திரிகளில் சோதித்துப் பார்த்தார்கள். 2021இல் வெளியான முடிவு, சாவு குறையவில்லை என்பதே. உத்தரவு மட்டும் உயிர் காக்காது என்பதே இதிலிருந்து நாம் கொள்ளும் பாடம். கவனிக்கக் கைகள் வேண்டும்; கண்டதும் கொடுக்க ரத்தமும் மருந்தும் வேண்டும்; இரவில் அழைத்தால் வர ஒரு டாக்டர் வேண்டும்.

வசதியில்லாத இடத்தில் ஈரல் ஆபரேஷனே கூடாது என்பது நம் வாதமன்று. ஈரலில் கட்டி கண்ட பலருக்கு அதுவே பிழைக்கும் வழி. செலவின் வரிசை மாறவேண்டும் என்பதே நம் கோரிக்கை. அடுத்த விலையுயர்ந்த கருவிக்கு முன், இரவு நேர நர்சுகள், ரத்த சேமிப்பு, ஞாயிறன்றும் திறந்திருக்கும் பரிசோதனைக்கூடம் ஆகியவற்றுக்குப் பணம் ஒதுக்கவேண்டும். வீடு சென்றவர்களையும் தொலைபேசியில் விசாரித்து, தொண்ணூறு நாள் வரையிலான கணக்கை ஆண்டுதோறும் வெளியிடவேண்டும். ஈரல் செயலிழந்தவர் சிலர் ஒரு மாதம் கடந்தபின் மாள்வதுண்டு. முப்பது நாளோடு ஏட்டை மூடினால் அவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்கு நன்கொடை அளிக்கும்போதும் ஆலோசனைக் குழுவில் அமரும்போதும் நம் அங்கத்தினர்கள் இந்தக் கணக்கைக் கேட்பார்களாக. கணக்குக் கேட்பது டாக்டர்களை அவமதிப்பதாகாது. நேர்மையாக உழைக்கும் டாக்டருக்கு, வேண்டிய ஆளும் பொருளும் பெற்றுத்தர அதுவே துணை நிற்கும்.