மலையடிவாரம் யாருடைய வாசல்?

கடந்த ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை. பல்கலைக்கழக நண்பர்கள் இருபது பேர், ஜொகூரில் ஒரு மலை ஏறப் புறப்பட்டோம். ஆளுக்கொரு பக்கமிருந்து வந்ததால் எட்டுக் கார்கள் சேர்ந்துவிட்டன. அடிவாரத்தில் இருந்த சிறிய கார் நிறுத்துமிடம் விடியுமுன்பே நிரம்பியிருந்தது. அதனால் செம்பனைத் தோட்டத்திற்குள் பிரிகின்ற செம்மண் பாதையின் இருபுறமும் கார்களை வரிசையாக நிறுத்திவிட்டு ஏறினோம். "இந்த வழியாக யார் வரப்போகிறார்கள்?" என்று கேட்டவன் நான்தான்.

நண்பகலில் இறங்கி வந்தோம். தோட்டத்திற்குள்ளிருந்து குலைகளை ஏற்றிவந்த லாரி ஒன்று, எங்கள் கார்களைத் தாண்ட முடியாமல் நின்றுகொண்டிருந்தது. ஓட்டுநர் என் அப்பா வயதுத் தமிழர். மர நிழலில் குந்தியிருந்தார். இரண்டு மணி நேரமாகக் காத்திருக்கிறாராம். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. "தம்பி, மலை எங்கேயும் ஓடிப்போகாது. குலை அப்படி இல்ல. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, மில்லுல தராசு சீக்கிரம் அடைச்சிருவாங்க" என்றார். அவசர அவசரமாகக் கார்களை நகர்த்தினோம். மன்னிப்புக் கேட்டபோது அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு லாரியைக் கிளப்பினார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அவர் சொன்னதன் பொருளைத் தேடிப் படித்தேன். செம்பனைக் குலையை மரத்திலிருந்து வெட்டிய நேரத்திலிருந்தே அதன் தரம் குறையத் தொடங்குகிறது. அடிபட்டுக் கசங்கிய பழத்திலுள்ள நொதி எண்ணெயைச் சிதைக்கிறது. கொழுப்பு அமிலம் கூடுகிறது. அதனால்தான் வெட்டிய 24 மணி நேரத்திற்குள் குலை ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும் என்கிறார்கள். ஞாயிறன்று தராசு அடைக்கப்பட்டால் அந்தக் குலை மறுநாள் வரை காத்திருக்க வேண்டும். எங்கள் எட்டுக் கார்கள் அடைத்து வைத்தது ஒரு பாதையை மட்டுமல்ல. யாரோ ஒரு சிறுதோட்டக்காரரின் ஒரு நாள் உழைப்பையும்தான்.

இதை ஏன் மாணவர் பக்கத்தில் எழுதுகிறேன் என்றால், இன்று மலையேறுவோரில் பெரும் பகுதி நாம்தான். படிவம் ஐந்து மாணவர் முதல் பல்கலைக்கழக மாணவர் வரை, தேர்வு முடிந்ததும் "எந்த மலைக்குப் போகலாம்?" என்று கேட்கும் தலைமுறை இது. நல்ல பழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் மலைக்குப் போகுமுன் நாம் பேசுவதெல்லாம் காலணி, தண்ணீர், அட்டைக்கடி, மழை இவற்றைப் பற்றித்தான். கார் நிற்கும் இடத்திற்கும் காடு தொடங்கும் இடத்திற்கும் நடுவில் மனிதர்கள் வாழ்கிறார்கள் என்பதை யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை.

ஜொகூரின் மலைகளை எண்ணிப் பாருங்கள். தங்காக் பக்கம் 1,276 மீட்டர் உயரத்தில் குனோங் லேடாங், குளுவாங்கில் 1,010 மீட்டர் குனோங் பெலுமுட், நகரத்தை ஒட்டியே 510 மீட்டர் குனோங் லம்பாக், கூலாய்க்கும் பொந்தியானுக்கும் இடையே 654 மீட்டர் குனோங் பூலாய். இவை எதுவும் மனித நடமாட்டமில்லாத பாலைவனத்தில் நிற்கவில்லை. சுற்றிலும் செம்பனை, ரப்பர், பழத்தோட்டங்கள், கம்பங்கள். நமக்கு வார இறுதி விளையாட்டுத் திடலாக இருப்பது அவர்களுக்கு வீட்டு வாசல்.

கூட்டமும் ஒரே நேரத்தில்தான் வந்து குவிகிறது. 2014 முதல் ஜொகூரில் வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக இருந்தன. 2025 ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறு ஆகிவிட்டன. இப்போது ஜொகூர்க்காரர்களுக்கும் கோலாலம்பூர்க்காரர்களுக்கும் சிங்கப்பூரிலிருந்து எல்லை தாண்டி வருகிறவர்களுக்கும் அதே இரண்டு நாள்தான் ஓய்வு. சாலை மட்டும் அகலமாகவில்லை.

குனோங் பூலாயை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள ஓடையில் கால் நனைக்கும்போது அது வெறும் குளிக்கும் இடமாகத் தெரியும். ஆனால் 1927இல் சிங்கப்பூர் நகராட்சி, ஜொகூர் சுல்தான் இப்ராஹிமுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு தண்ணீர் எடுத்தது இந்த மலைப் பகுதியிலிருந்துதான். 1961ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2011 ஆகஸ்டு 31இல் முடிந்தபோது, அங்கிருந்த சுத்திகரிப்பு நிலையம் ஜொகூரிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்த ஓடையில் ஷாம்பூ தேய்த்துக் குளிப்பவர், கீழே யாரோ குடிக்கப்போகும் நீரில் நுரையை விடுகிறார்.

அதே மலையில் 2001 டிசம்பர் இறுதியில் பெருமழைக்குப் பிறகு இறங்கிய சேற்று வெள்ளம் உயிர்களைப் பறித்தது. அங்கிருந்த பொழுதுபோக்குக் காடு பல ஆண்டுகள் மூடிக் கிடந்தது. மலையேறிகள் வேறு மலை தேடிக்கொண்டார்கள். அடிவாரத்து மக்களுக்கு அப்படிப் போக வேறு இடமில்லை. மலையின் அழகும் அவர்களோடுதான் இருக்கிறது, ஆபத்தும் அவர்களோடுதான் இருக்கிறது. நாம் யாராவது வழி தவறிவிட்டால் தீயணைப்பு மீட்புத் துறையினருக்கு வழி காட்டித் தேடுவதற்கு உடன் செல்வதும் பல நேரங்களில் இந்தக் கம்பத்துக்காரர்களும் பூர்வகுடியினரும்தான். அனுமதிச் சீட்டு வாங்காமல், வனத்துறையிடம் பதியாமல், கைப்பேசி வரைபடத்தை மட்டும் நம்பிப் பின்வழியாகக் காட்டுக்குள் நுழைகிற "வீரர்கள்" இதை ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

டுரியான் பருவத்தில் இன்னொரு தொல்லை. டுரியானைப் பெரும்பாலும் பறிப்பதில்லை. பழுத்துத் தானாக விழும்வரை விடுகிறார்கள். இரவில் விழும் பழத்திற்காகத் தோட்டக்காரர் குடிசை போட்டுக் கண் விழித்துக் காத்திருப்பார். விடியற்காலையில் அந்த வழியே வரும் நம்மில் ஒருவர், "கீழே கிடந்தது, எடுத்தேன்" என்று சிரித்துக்கொண்டே ஒரு பழத்தைத் தூக்கிப் பையில் போடுகிறார். வேலி இல்லாத தோட்டம் சொந்தக்காரர் இல்லாத தோட்டம் ஆகிவிடாது. நம் தாத்தா பாட்டிகள் தோட்டப்புறத்தில் வளர்த்த பலா மரத்தில் யாராவது இப்படிக் கை வைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

எதிர்வாதங்களும் எனக்குத் தெரியும். "பொதுச் சாலைதானே? சாலை வரி கட்டுகிறோமே?" என்பார்கள். பொதுச் சாலை என்றால் எல்லாரும் போக வேண்டிய சாலை என்று பொருள். நாம் அடைத்து வைக்கலாம் என்று பொருளல்ல. "நாங்கள் வருவதால் அவர்களுக்கு வருமானம்" என்பது அடுத்த வாதம். உண்மையாகவே வருமானமா? சாப்பாடும் தண்ணீரும் நகரத்துப் பேரங்காடியில் வாங்கி வருகிறோம். கம்பத்தில் விட்டுச் செல்வது அவற்றின் காலி நெகிழிப் புட்டிகளை மட்டுமே என்றால், அதை வருமானம் என்று எப்படிச் சொல்வது?

"உள்ளூர்க்காரர்களும்தான் குப்பை போடுகிறார்கள்" என்பது மூன்றாவது. ஆமாம், சிலர் போடுகிறார்கள். நிறுத்துமிடமும் கழிப்பறையும் போதாமல் இருப்பதற்கு நாம் மட்டும் பொறுப்பல்ல என்பதையும் ஏற்கிறேன். பேர்பெற்ற மலைகளின் அடிவாரத்தில் இந்த வசதிகளைச் செய்து தருவது ஊராட்சி மன்றங்களின் கடமை. அதை நாம் கேட்டே ஆக வேண்டும். ஆனால் அவை வரும்வரை பிறர் வாசலை அடைத்துக்கொள்ள நமக்கு உரிமை கிடைத்துவிடாது.

இந்த விஷயம் தமிழர்களான நமக்குப் புரியாததல்ல. பத்துமலையை நினைத்துப் பாருங்கள். 272 படிகள் ஏறி முருகனைத் தரிசிக்கும் அதே சுண்ணாம்புக் குன்றின் வேறு பக்கங்களில் பாறையேறும் விளையாட்டுக்காரர்கள் கயிறு கட்டிப் பயிற்சி செய்கிறார்கள். கோயிலுக்கு வரும் சுற்றுப்பயணி அரைகுறை உடையில் படியேறினால் நமக்குக் கோபம் வருகிறது. "இது எங்கள் புனிதத் தலம், விருந்தாளி விருந்தாளியாக நடந்துகொள்ள வேண்டாமா?" என்கிறோம். நியாயமான கோபம். அப்படியானால் மலாய்க் கம்பத்து சூராவின் முன்னால் சட்டையைக் கழற்றி மாற்றுவதும், சுபுஹ் தொழுகை நேரத்தில் காரின் பாட்டை அலறவிடுவதும், சேற்றுக் காலணியோடு அங்குள்ள தண்ணீர்க் குழாயில் கால் கழுவுவதும் எந்த ஊர் நியாயம்?

உலகம் இதற்கு விலை கொடுத்துப் பாடம் கற்றிருக்கிறது. 2015 மே மாத இறுதியில் சபாவின் கினபாலு மலையில் வெளிநாட்டுப் பயணிகள் சிலர் ஆடை களைந்து படம் எடுத்துக்கொண்டார்கள். தங்கள் முன்னோரின் ஆவிகள் தங்கும் இடமாகக் கடசான்டூசுன் மக்கள் போற்றும் மலை அது. நான்கு பேருக்கு 3 நாள் சிறையும் தலா 5,000 ரிங்கிட் அபராதமும் விதிக்கப்பட்டன. ஆஸ்திரேலியாவின் உலுரு பாறையில் "தயவுசெய்து ஏறாதீர்கள்" என்று அனங்கு பூர்வகுடி மக்கள் பல ஆண்டுகள் பணிவாகக் கேட்டுக்கொண்டார்கள். கேட்டவர்கள் கேட்டார்கள், கேட்காதவர்கள் ஏறினார்கள். கடைசியில் 2019 அக்டோபர் 26 முதல் ஏறுவதற்கே நிரந்தரத் தடை வந்தது. மண்ணின் மக்களின் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு.

நம் மாநிலத்திலேயே நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. குனோங் லேடாங்கில் வழிகாட்டி இல்லாமல் உச்சிக்குப் போக முடியாது. மேலே கொண்டுபோகும் பொருள்களை எண்ணிக் குறித்துக்கொண்டு, இறங்கும்போது சரிபார்க்கும் முறையும் அங்கு உண்டு. எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் பெத்தா நுழைவாயில், ஜாகுன் பூர்வகுடி மக்கள் வாழும் கம்போங் பெத்தாவுக்கு அருகில் இருக்கிறது. அந்தக் காட்டை அறிந்த அவர்களே வழிகாட்டிகளாக நம்மை அழைத்துச் செல்லும்போது, நாம் யாருடைய இடத்திற்கு வந்திருக்கிறோம் என்பது தானாகவே புரிகிறது. நாம் செலுத்தும் கட்டணத்திலும் அவர்களுக்கு ஒரு பங்கு சேர்கிறது. மற்ற மலைகளில் இப்படி யாரும் நம் கையைப் பிடித்துச் சொல்லித் தர மாட்டார்கள். அங்கே நாமே நமக்கு விதி வகுத்துக்கொள்ள வேண்டும்.

அது ஒன்றும் கடினமில்லை. இருபது பேருக்கு எட்டுக் கார்கள் வேண்டாம். நான்கோ ஐந்தோ போதும். பொது இடத்தில் கூடி, கார்களைப் பகிர்ந்துகொண்டு போகலாம். வேறு வழியின்றி யாருடைய நிலத்தின் ஓரத்திலாவது நிறுத்த நேர்ந்தால், கதவைத் தட்டிக் கேட்கலாம். முன்கண்ணாடியில் கைப்பேசி எண்ணை எழுதி வைக்கலாம். மேலே தொடர்பு கிடைக்காது என்றால் கீழே ஒருவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம். பசியாறுவதைக் கம்பத்துக் கடையில் வைத்துக்கொள்ளலாம். எதிரில் வரும் பாக்சிக்கையும் மாக்சிக்கையும் பார்த்துத் தலையசைத்து வணக்கம் சொல்லலாம். குரங்குக்கு ரொட்டி போடாமல் வரலாம். நாம் போன பிறகு அது அடுத்து நுழையப்போவது அவர்கள் வீட்டுச் சமையலறையில். பள்ளிகளின் சாரணர் இயக்கமும் பல்கலைக்கழக மன்றங்களும் பயணத்திற்கு முந்தைய விளக்கக் கூட்டத்தில் இதற்கென்று பத்து நிமிடம் ஒதுக்கினாலே பெரிய மாற்றம் வரும்.

திருக்குறளில் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே இருக்கிறது. விருந்தினரை எப்படி வரவேற்க வேண்டும் என்று பள்ளியில் மனப்பாடம் செய்து பரிசும் வாங்கியிருக்கிறோம். விருந்தாளியாகப் போகும்போது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு மட்டும் நாம் மதிப்பெண் வாங்கவில்லை போலும்.

அந்த லாரி ஓட்டுநரை நான் மறுபடியும் பார்க்கவில்லை. அன்று அவர் தராசு அடைக்குமுன் ஆலைக்குப் போய்ச் சேர்ந்தாரா என்பதும் எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் குழுவில் இப்போது ஒரு பழக்கம் உண்டு. கார்களை நிறுத்தியதும், பைகளைத் தோளில் மாட்டுமுன், ஒருவர் சாலையின் நடுவில் நின்று பார்ப்பார். மற்றவர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்போம்: "லாரி போகுமா?" போகும் என்றால்தான் மலை ஏறுவோம்.