ஜப்பானைப் பார் என்கிறார்கள், பார்த்துவிட்டேன்!



கோத்தகிரியில் கொழுந்து பறித்து என்னை ஆளாக்கியவள் என் தாய். இன்று நான் ஜப்பானில் ஒரு பட்டறையில் லேத் மெஷினின் முன் நிற்கிறேன். நம் ஊர்ப் பத்திரிகைகளைத் தவறாமல் படிக்கிறேன். அவற்றில் "ஜப்பானைப் பார்!" என்ற உபதேசம் வரும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை.

2023 அக்டோபரில் இன்போசிஸ் நாராயணமூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் ஜெர்மானியரும் ஜப்பானியரும் அப்படித்தான் உழைத்தார்களாம். 2025 ஜனவரியில் எல் அண்டு டி கம்பெனித் தலைவர் திருவாளர் சுப்பிரமணியன் ஏலத்தை 90-க்கு உயர்த்தினார். ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்க முடியவில்லையே என்று வருந்தினார். வீட்டில் மனைவியின் முகத்தை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார்.

பத்திரிகைகளும் டெலிவிஷனும் என்ன செய்தன? மனைவியின் முகத்தைப் பிடித்துக்கொண்டன! கேலி, கார்ட்டூன், நட்சத்திரங்களின் கருத்து! 2023-24-இல் அந்தத் தலைவர் பெற்றது சுமார் ரூ. 51 கோடி. அவருடைய கம்பெனி ஊழியரின் நடுமட்டச் சம்பளத்தைப் போல் அது 500 மடங்குக்கும் மேல். இந்தக் கணக்கும் அச்சில் வந்தது; ஆனால் சிரிப்புச் சத்தத்தில் அமுங்கிவிட்டது. கூடுதல் மணி நேரம் யாருடைய உடம்பிலிருந்து எடுக்கப்படுகிறது? அதன் பலன் யார் பைக்குப் போகிறது? இதுவல்லவா கேள்வி!

அவர்கள் காட்டாத ஜப்பான்

ஜப்பானியரிடம் கற்க வேண்டிய பழக்கங்கள் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் தங்கள் வகுப்பறையைத் தாங்களே பெருக்கித் துடைக்கிறார்கள். ரயிலடியில் வரிசை கலைவதில்லை. நம் முதலாளிகள் இவற்றை இறக்குமதி செய்யச் சொல்வதில்லை. அவர்கள் கண் வேறொரு பழக்கத்தின் மீது இருக்கிறது.

இங்கே வேலை முடிந்து முதலில் புறப்படுகிறவன், "உங்களுக்கு முன்னால் போகிறேன், மன்னியுங்கள்" என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். நான் முன்பு வேலை செய்த ஓரிடத்தில் மேலதிகாரி எழும்வரை ஒருவரும் எழமாட்டார்கள். கார்டில் நேரம் பதிந்துவிட்டு, மறுபடியும் மெஷினுக்குத் திரும்பியவர்களை என் கண்ணால் பார்த்தேன். அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது.

இது ஜப்பானியரின் ரத்தத்தில் ஊறிய குணமா? இல்லை. 1953-இல் நிஸ்ஸான் மோட்டார் தொழிலாளர்களின் போர்க்குணமிக்க சங்கம் உடைக்கப்பட்டது. 1960-இல் மீக்கே நிலக்கரிச் சுரங்கத்தில் 1,200-க்கும் மேற்பட்டோரின் வேலைநீக்கத்தை எதிர்த்து மாதக்கணக்கில் நடந்த போராட்டம் தோற்கடிக்கப்பட்டது. அடங்கிப்போகும் பழக்கம் வளர்ந்தது இப்படிச் சங்கங்கள் முறிக்கப்பட்ட மண்ணில்தான்.

அதன் விளைவுக்கு ஜப்பானிய மொழியில் ஒரு சொல்லே உண்டு: 'கரோஷி'. அளவுக்கு மீறிய உழைப்பால் வரும் சாவு! 2015 டிசம்பரில் டென்ட்சு என்ற பெரிய விளம்பரக் கம்பெனியின் 24 வயதுப் பெண் ஊழியர் தற்கொலை செய்துகொண்டார். அளவுக்கு மீறிய வேலையே காரணம் என்று அரசாங்கத் தொழில் இலாகாவே ஒப்புக்கொண்டது. சட்டவிரோத ஓவர்டைமுக்காக 2017-இல் கோர்ட்டு அந்தக் கம்பெனிக்கு விதித்த அபராதம் வெறும் 5 லட்சம் யென்!

செத்தவர்களின் குடும்பங்களும் வக்கீல்களும் சங்கங்களும் விடாமல் போராடியதால் சட்டம் வந்தது. வாரத்துக்கு 40 மணி நேரம். 2019 ஏப்ரல் முதல் ஓவர்டைமுக்குச் சாதாரண வரம்பு மாதத்துக்கு 45 மணி நேரம். இப்போது கணக்குப் போடுங்கள். 90-இல் 40 போனால் மிச்சம் 50. திருவாளர் சுப்பிரமணியன் ஒரு வாரத்தில் கேட்கும் ஓவர்டைம், ஜப்பானியச் சட்டத்தின் ஒரு மாத வரம்பையே தாண்டுகிறது! எந்த ஜப்பானைப் பார்க்கச் சொல்கிறார்கள்?

நம் வீட்டுக் கணக்கு

'இது ஆபீஸ்காரர்களின் விவகாரம், நமக்கென்ன?' என்று மில் தோழர்களும் விவசாயத் தொழிலாளர்களும் இருந்துவிடக் கூடாது. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டசபையில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறியது. கம்யூனிஸ்ட் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் கொதித்தெழுந்தன. மூன்றே நாளில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார். 1923-இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் முதல் மே தினத்தைக் கொண்டாடி அன்றைக்குச் சரியாக நூறு ஆண்டு!

ஆனால் ஆபத்து தீரவில்லை. தோட்டத் தொழிலாளர் போராடிப் பெற்ற 1951-ஆம் ஆண்டுச் சட்டம், 2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசு அமலாக்கிய சட்டத் தொகுப்புகளுக்குள் கரைக்கப்பட்டுவிட்டது.

இன்னொரு கணக்கும் உண்டு. என் தாய் பனியில் நனைந்து கொழுந்து பறித்தது நாளைக்கு 8 மணி நேரம்; ஆறு நாளைக்கு 48. விறகு, தண்ணீர், அடுப்பு, பிள்ளைகள் என்று லைன் வீட்டில் நாளைக்கு 6 மணி நேரம். ஏழு நாளைக்கு 42. கூட்டினால் 90! உபதேசம் பிறக்கும் முன்பே அவள் அதை முடித்துவிட்டாள். அவளுக்கு 51 கோடி கிடைத்ததா? முதுகு வலிதான் கிடைத்தது.

தோழர்களே! எட்டு மணி நேரம் யாரும் போட்ட பிச்சை அல்ல. மில்லிலும் வயலிலும் தோட்டத்திலும் சங்கத்தை வலுப்படுத்துங்கள். சங்கம் முறிந்தால் என்ன நேரும் என்பதைப் பார்க்கத்தான் ஜப்பானைப் பார்க்க வேண்டும். நேரத்துக்கு வீடு திரும்புவதற்காக நாம் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை!