அச்சாரத்தில் கைமாறும் வீடுகள்

கையில் முதல் இல்லாமலேயே வீடு வாங்கி விற்றுச் சம்பாதிக்கலாம் என்ற அழைப்பு தில்லியிலும் அதனைச் சுற்றியுள்ள நகரங்களிலும் இளைஞர்கள் பலரை ஈர்த்து வருகிறது. அமெரிக்காவில் 'ஹோல்சேலிங்' என்றும் 'ஃபிளிப்பிங்' என்றும் வழங்கப்படும் இரு தொழில்முறைகளே இங்கு புதுக் கண்டுபிடிப்புபோல முன்வைக்கப்படுகின்றன. முதலாவதில், விற்க விரும்பும் உரிமையாளரிடம் ஒப்பந்தம் மட்டும் செய்துகொண்டு, அந்த ஒப்பந்தத்தையே கூடுதல் தொகைக்கு வேறொருவருக்குக் கைமாற்றிவிட்டு இடையில் நிற்பவர் விலகிக்கொள்வார். இரண்டாவதில், பழைய வீட்டை விலைக்கு வாங்கி, செப்பனிட்டு, சில மாதங்களில் விற்றுவிடுவார்.

தலைநகருக்கு இவை எதுவும் புதிதல்ல. தமிழ்நாட்டில் அச்சாரம் என்று சொல்லப்படுவதைத் தில்லியின் சொத்துத் தரகர்கள் 'பயானா' என்பார்கள். ஒரு கோடி ரூபாய் பெறுமான வீட்டுக்குப் பத்து லட்சம் ரூபாய் பயானா கொடுத்து, மூன்று மாத அவகாசம் எழுதி வாங்கிக்கொள்ளும் ஒருவர், அந்த அவகாசத்துக்குள் ஒரு கோடியே எட்டு லட்சத்துக்கு ஆள் பிடித்துவிட்டால் அவருக்கு எட்டு லட்சம் மிச்சம். கிரயப் பத்திரம் உரிமையாளருக்கும் கடைசியாக வாங்குபவருக்கும் இடையே நேரடியாகப் பதிவாகும். நடுவில் நின்றவரின் பெயர் எந்த ஆவணத்திலும் இராது. ஆள் கிடைக்காவிட்டால் பத்து லட்சம் போயிற்று. இந்த இரண்டாவது பாதியைத்தான் புதியவர்களுக்குக் கற்றுத்தருவோர் மெல்லிய குரலில் சொல்கிறார்கள்.

கைமாறுவது வீடு அல்ல என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். விற்பனை ஒப்பந்தம் மட்டும் அந்தச் சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது என்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் தெளிவாகக் கூறுகிறது. ஒப்பந்தம் வைத்திருப்பவரிடம் இருப்பது, மறுதரப்பு வாக்குத் தவறினால் நீதிமன்றத்தை அணுகும் உரிமை மட்டுமே. தில்லியின் உரிமையியல் நீதிமன்றங்களில் அந்த உரிமைக்கு எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பது வழக்காடியவர்களுக்குத் தெரியும். வித்தியாசத் தொகை ரொக்கமாகக் கைமாறுவதும் முன்போல ஆபத்தில்லாதது அன்று. அசையாச் சொத்துப் பரிமாற்றத்தில் 20 ஆயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற 2015 ஜூன் முதல் தடை உள்ளது. மீறிப் பெற்றவர் அதே அளவு தொகையை அபராதமாகக் கட்ட நேரிடும்.

இந்த வழக்கத்துக்கு அரசே வழிவகுத்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. தில்லி வளர்ச்சி ஆணையம் முன்பு ஒதுக்கிய வீடுகள் குத்தகை அடிப்படையிலானவையாக இருந்தன. விற்க அனுமதி வேண்டியிருந்தது, கட்டணமும் கட்ட வேண்டியிருந்தது. இதைத் தவிர்க்க, பொது அதிகாரப் பத்திரம், விற்பனை ஒப்பந்தம், உயில் ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கட்டி வீட்டை 'விற்கும்' முறை பெருகியது. ஒரே வீடு நான்கைந்து கைகள் மாறிய பின்னும் அரசின் ஏட்டில் முதல் ஒதுக்கீட்டாளரின் பெயரே நின்றது. 2011 அக்டோபர் 11 அன்று சூரஜ் லாம்ப் வழக்கில், இப்படிப்பட்ட பத்திரங்கள் உரிமையை மாற்றாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கறுப்புப் பணத்துக்கும் நில மாஃபியாவுக்கும் இம்முறை துணைபோவதையும் சுட்டிக்காட்டியது. ஆனால் எட்டே ஆண்டுகளில், 2019-இல், தில்லியின் 1,731 அங்கீகாரமற்ற குடியிருப்புகளில் வசிப்போருக்கு இதே பத்திரங்களின் அடிப்படையில் உரிமை வழங்க நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. குடியிருப்போரின் அவலத்தை நோக்க அது தவிர்க்க முடியாததாக இருக்கலாம். ஆயினும், விதியை மீறியவர் பொறுத்திருந்தால் போதும் என்ற பாடத்தையே தரகர்கள் அதிலிருந்து கற்றார்கள்.

நொய்டாவும் கிரேட்டர் நொய்டாவும் கற்பித்த பாடம் இதைவிடக் கசப்பானது. அடித்தளம்கூடத் தோண்டப்படாத அடுக்ககங்களின் ஒதுக்கீட்டுக் கடிதங்கள், கட்டுமான நிறுவனத்துக்குப் பெயர் மாற்றக் கட்டணம் செலுத்திக் கைமாறிக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு கையிலும் விலை ஏறியது. செங்கல் ஒன்றும் ஏறவில்லை. ஆட்டம் நின்றபோது கடைசியாகக் கடிதம் வைத்திருந்தவர் பெரும்பாலும் வங்கிக் கடன் வாங்கிய, வாடகை வீட்டில் இருந்த நடுத்தரக் குடும்பத்தினர். அம்ரபாலி நிறுவனத்தின் திட்டங்களில் மட்டும் சுமார் 42 ஆயிரம் பேர் சிக்கினர். 2019 ஜூலையில் அந்நிறுவனத்தின் பதிவை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், எஞ்சிய பணியை அரசு நிறுவனமான என்பிசிசி-யிடம் ஒப்படைக்க நேர்ந்தது. முதல் கையில் வாங்கி இரண்டாம் கைக்கு விற்று வெளியேறியவர்களை எவரும் தேடவில்லை.

பழைய வீட்டை வாங்கிச் செப்பனிட்டு விற்பது இதனோடு ஒப்பிடத் தக்கதன்று. அது உழைப்பும் பொருளும் சேரும் நேர்மையான தொழில். ஆனால் தில்லியில் அதற்கான இடைவெளி மிகக் குறுகியது. வாங்கும்போது முத்திரைத் தீர்வை, தரகு, கொத்தனார் கூலி, கடன் வட்டி, மீண்டும் விற்கும்போது தரகு எனக் கழித்துப் பார்த்தால், விலை ஏறாத ஆண்டில் மிஞ்சுவது சொற்பம். 24 மாதங்களுக்குள் விற்றால் லாபம் குறுகிய கால ஆதாயமாகக் கருதப்பட்டு வழக்கமான வருமான வரி விகிதத்தில் வரி விதிக்கப்படும். நீண்ட கால ஆதாயத்துக்கான 12.5 சதவீதச் சலுகை கிடைக்காது. இதையே தொழிலாகச் செய்பவரின் லாபம் வணிக வருமானமாகிவிடும். ஆகவேதான் இங்குள்ள அனுபவசாலிகள் வெள்ளையடித்து விற்பதில்லை. உரிமையாளருடன் கூட்டு ஒப்பந்தம் செய்து பழைய ஒற்றை வீட்டை இடித்து, வாகன நிறுத்தத் தளத்தின் மேல் நான்கு மாடிகள் எழுப்பி, அவற்றில் ஓரிரண்டைத் தம் பங்காகப் பெற்று விற்கிறார்கள். அதற்குப் பெருமுதல் வேண்டும். முதலில்லாத இளைஞருக்கு எஞ்சுவது பயானா வாணிபம்தான்.

அவரைக் காக்கவோ கட்டுப்படுத்தவோ சட்டம் போதுமானதாக இல்லை. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவான திட்டங்களில் வீடு விற்க உதவும் இடைத்தரகர், எந்தப் பெயரில் அழைக்கப்பட்டாலும், ஆணையத்தில் பதிவு செய்தாக வேண்டும்; தவறினால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் கட்டுமான நிறுவனம் வாங்கக் கூடாது. இவையெல்லாம் புதிய திட்டங்களுக்கே. லாஜ்பத் நகரிலோ ரோகிணியிலோ உள்ள பழைய வீட்டின் மறுவிற்பனை இச்சட்டத்தின் கண்ணில் படுவதில்லை.

2025 செப்டம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பைத் தொழில் தொடங்க நினைப்போர் அவசியம் அறிந்திருக்க வேண்டும். குடியிருக்க வாங்குபவரையும் ஊக வாணிபம் செய்பவரையும் அது பிரித்தது. உறுதியளிக்கப்பட்ட வருவாய், திரும்ப வாங்கிக்கொள்ளும் நிபந்தனை, வாங்கிய வீடுகளின் எண்ணிக்கை போன்றவற்றைக் கொண்டு ஊக வாணிபர் அடையாளம் காணப்படுவார். திவால் சட்டத்தின்கீழ் கட்டுமான நிறுவனத்துக்கு எதிராக நடவடிக்கை தொடங்க அவருக்கு உரிமையில்லை. ஐந்து வீடுகளுக்கு முன்பணம் கட்டிவிட்டு ஆள் தேடும் இளைஞருக்கு அந்த வழி அடைபடக்கூடும். தலையில் வீடில்லாதவருக்கும் இவருக்கும் ஒரே நீதி கூடாது என்பதில் நியாயம் உண்டு.

புதிய திட்டங்களில் விலையில் 20 சதவீதம் செலுத்தப்பட்டவுடன் பரிமாற்றத்தை வருவாய்த் துறையிடம் பதிவு செய்ய வேண்டும் என்றும் அதே தீர்ப்பு பணித்தது. இதே கடப்பாட்டைப் பழைய வீடுகளின் பயானாவுக்கும் விரிவாக்கி, ஒப்பந்தம் கைமாறும் ஒவ்வொரு முறையும் பெயரும் தொகையும் ஏட்டில் ஏறச் செய்வது தில்லி, ஹரியாணா, உத்தரப் பிரதேச அரசுகளின் கையில் இருக்கிறது. பதிவுக் கட்டணத்தைப் பெயரளவில் வைத்தால் மக்கள் தயங்கமாட்டார்கள். தயங்கப்போவோர் யார் என்பதும் மூன்று அரசுகளுக்கும் தெரியும்.