பாட்டைப் போட்டது யார்?

"இந்தக் காலத்துப் பிள்ளைங்க கேட்கிறதெல்லாம் ஒரு பாட்டா?" என்று அலுத்துக்கொள்ளாத பெற்றோர் நம்மில் யார்? சரி, ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பாட்டு எங்கிருந்து கிடைத்தது? செல்போன் உங்களுடையது. காரில் ஏறியதும் புளூடூத்தை இணைப்பதும் நீங்கள்தான்.

அண்மையில் ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். மேடையில் யு.கே.ஜி. குழந்தைகள். ஜிகினா சட்டை, உதட்டில் அப்பிய சாயம். பாட்டோ, காதலில் தோற்றுக் குடித்துவிட்டு ஒருவன் புலம்புவது. கட்டைவிரலை வாயருகே கொண்டுபோய் அண்ணாந்து, பிறகு தள்ளாட வேண்டும். அதுதான் ஸ்டெப். ஒரு குட்டிப் பையன் மறந்துபோய் விழித்துக்கொண்டு நின்றான். முன்வரிசையில் இருந்த அவன் அம்மா எழுந்து, எப்படித் தள்ளாடுவது என்று ஆடிக் காட்டினார்! அப்பா வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். கைதட்டல் அடங்கவில்லை, 'ஒன்ஸ்மோர்' வேறு.

ஒரு பாட்டைக் கேட்டு எவனும் குடிகாரனாகிவிட மாட்டான். ஆனால் எதைச் செய்தால் பெரியவர்கள் மகிழ்ந்துபோவார்கள் என்று அந்தப் பையன் அன்றைக்குத் தெரிந்துகொண்டான். 2011-ல் 'கொலவெறி' பாட்டு வந்தபோது மட்டும் என்ன செய்தோம்? மழலை மாறாத குழந்தைகளை நிறுத்தி, வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் பாடிக் காட்டச் சொன்னோம்.

"சின்னப் பிள்ளைக்கு என்ன புரியப்போகுது?" என்பீர்கள். சிக்கலே அதுதான். வாய்ப்பாட்டையும் ஆத்திசூடியையும் ராகம் போட்டு ஏன் சொல்லவைத்தார்கள்? மெட்டோடு போனது, அர்த்தம் தெரியாமலே மனதில் ஏறிக்கொள்ளும். நாற்பது வயதில் தட்டி எழுப்பினாலும் வரும். வேண்டாம் என்ற பெண்ணை விடாமல் துரத்துவதை ஆண்மையாகப் பாடும் வரிகளும் அதே வழியாகத்தான் உள்ளே போகின்றன.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. தொட்டிலருகே 'மூளை வளர்ச்சி இசை' என்று யூடியூபில் எதையோ ஓடவிட்டுவிட்டு சீரியல் பார்க்கப் போகிறவர்கள். இசை கேட்டால் மூளை வளரும் என்ற இந்த நம்பிக்கைக்கு மூலம் அமெரிக்காவில் நடந்து 1993-ல் வெளியான ஒரு சிறு ஆய்வு. 36 கல்லூரி மாணவர்கள் பத்து நிமிடம் மோட்சார்ட்டின் இசையைக் கேட்டார்கள். காகித மடிப்பு போன்ற புதிர்களைக் கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள். கால் மணி நேரத்துக்குள் அந்தப் பலனும் போய்விட்டது. அதில் கைக்குழந்தை ஒன்றுகூட இல்லை! ஆனாலும் 1998-ல் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் குழந்தைக்கெல்லாம் அரசுச் செலவில் இசைத்தட்டு கொடுக்கப் பணம் கேட்டார்.

ஓடவிட்டுவிட்டுப் போகாதீர்கள், நீங்களே பாடுங்கள். குரல் கட்டையாக இருந்தால் இருக்கட்டும், குழந்தை மார்க் போடப்போவதில்லை. நம் தாலாட்டில் மாமன் வருவான், அத்தை வருவாள், அவர்கள் கொண்டுவந்த சீர் வரும். உறவுமுறை பாலோடு சேர்ந்தே உள்ளே போகும். வளர்ந்த பிள்ளையா? ஹெட்போனைப் பிடுங்காதீர்கள். கூட உட்கார்ந்து அந்தப் பாட்டைக் கேளுங்கள். "இந்த வரியில அவன் என்ன சொல்றான்?" என்று கேளுங்கள். உங்கள் இளவயதுப் பாட்டுகளையும் அப்படியே அலசுங்கள். அவற்றிலும் கேலியும் துரத்தலும் ஏராளம்.

சீருடைத் துணி மட்டமாக இருந்தால் பள்ளிக்குப் போய்ச் சண்டை போடத் தெரிகிறது அல்லவா? ஒத்திகை தொடங்குமுன் பாட்டுப் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். நாலு பேராகப் போனால் டான்ஸ் மாஸ்டர் மறுக்க மாட்டார்.