எலியின் திசையறிவு

மொழி புரியாத ஊருக்குப் புதிதாகக் குடிவந்த நாட்களில், பால் வாங்கச் சென்று தெரு தவறி நின்ற அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. நம் வீட்டு அரிசி மூட்டையைக் குதறும் எலிக்கோ அத்தொல்லை அரிது. கும்மிருட்டிலும் தன் வளைக்குத் திரும்பிவிடுகிறது.

இவ்வித்தை உறையும் இடத்தை 1971ஆம் ஆண்டில் லண்டனில் ஜான் ஓ'கீஃப் கண்டறிந்தார். எலி ஓர் அறையின் குறிப்பிட்ட இடத்தை அடையும்போது மட்டும், அதன் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியிலுள்ள சில நரம்பணுக்கள் துடித்தன. மூளைக்குள் வரைபடம் ஒன்று உளது என்பதே இதன் பொருள். 2014இல் அவருக்கும், இவ்வாராய்ச்சியை வளர்த்த நார்வே நாட்டு மோசர் இருவருக்கும் நோபெல் பரிசு கிட்டியது.

அம்மூளையோடு இயந்திரத்தை இணைத்தால் யாது நிகழும்? 2002இல் நியூயார்க்கின் ப்ரூக்ளினில் எலிகளின் மூளையில் மெல்லிய கம்பிகளைப் பதித்தனர். வலப்புற மீசையைத் தொட்டாற்போன்ற உணர்ச்சியை மின்துடிப்பால் எழுப்பினால் எலி வலப்புறம் திரும்பும். திரும்பியதும் இன்பம் தரும் பகுதிக்கு வேறொரு துடிப்பு. அதுவே கூலி! 500 மீட்டர் தொலைவு வரையிலிருந்து கணிப்பொறியால் அதனை ஏணியில் ஏற்றினர், இடிபாடுகளில் நடத்தினர். இடிபாடுகளில் சிக்கியோரைத் தேட இது உதவும் என்றனர். உதவலாம். ஆயினும், வழியறிந்த பிராணியைப் பொம்மைபோல் ஆட்டுவிப்பது நம் மனத்துக்கு ஒப்பவில்லை.

2015இல் டோக்கியோவில் நோரிமோட்டோ, இக்கெகயா ஆகியோர் செய்த பரிசோதனை வேறு வகையானது. கண்ணிமைகளைத் தைத்து மூடிய எலிகள் அவை. (இதுவும் கொடுமையே, மறைப்பதற்கில்லை.) கைபேசியில் உள்ளது போன்ற திசைகாட்டிச் சில்லொன்றைத் தலையில் பொருத்தினர். தலை வடக்கு நோக்கினால் பார்வைக்குரிய மூளைப்பகுதியின் ஒருபுறத்தில் துடிப்பு. தெற்கு நோக்கினால் மறுபுறத்தில். அவ்வளவே. இப்பக்கம் போ என்று எவரும் ஏவவில்லை. எனினும் சில பத்து முறை முயன்றபின், அவ்வெலிகள் புதிர்வழியில் உணவிருக்கும் கிளையைக் கண்டறியத் தொடங்கின. பார்வையுள்ள எலிகளுக்கு ஏறக்குறைய நிகராகவே நடந்தன. ஒளியின் சேதிக்கெனப் பிறந்த மூளைப்பகுதி, காந்தத்தின் சேதியை ஏற்றுப் பொருள் கண்டுகொண்டது! கருவி தந்தது திசை ஒன்றே; வழியைத் தேடிக்கொண்டது எலி.

பார்வையற்றோர் ஏந்தும் கைத்தடியில் இத்தகைய திசைகாட்டியைப் பொருத்தலாம் என்பது அவ்வாராய்ச்சியாளர்களின் யோசனை. கைத்தடிக்கு மூளையில் கம்பி பதிக்க வேண்டியதில்லை.