வீட்டுக்கு அனுப்பும் வினைச்சொல்

'ஆறு மாத லே ஆஃபுக்குப் பிறகு அணிக்குத் திரும்புகிறார்.' ஆங்கில விளையாட்டுப் பக்கங்களில் அடிக்கடி தட்டுப்படும் வாக்கியம் இது. அந்த வீரரை யாரும் வேலையைவிட்டுத் தூக்கவில்லை. முழங்காலில் அடி, அறுவை சிகிச்சை, ஓய்வு. அவ்வளவுதான். அதே நாளிதழின் வர்த்தகப் பக்கத்தில் ஒரு மென்பொருள் நிறுவனம் ஆயிரம் பேரை 'லே ஆஃப்' செய்திருக்கிறது. அந்த ஆயிரம் பேர் ஆறு மாதம் கழித்துத் திரும்பி வரப்போவதில்லை. மொழிபெயர்க்கும் அவசரத்தில் வீரருக்கும் சேர்த்து 'பணிநீக்கம்' கொடுத்துவிட்டால் வாசகர் சிரித்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவார். ஆலைத் தொழிலாளி விஷயத்தில் இதே தவறு சிரிப்போடு முடியாது.

'லே' என்றால் கிடத்து, வை. 'ஆஃப்' என்றால் விலகி. சேர்த்தால் 'ஒதுக்கி வை'. மற்ற அர்த்தங்கள் எல்லாம் இந்த வேரிலிருந்து கிளைத்தவைதான். 'இனிப்பை லே ஆஃப் பண்ணுங்கள்' என்று டாக்டர் சொன்னால் தொடாதீர்கள் என்று பொருள். கால்பந்தில் முன்கள வீரர் தன்னிடம் வந்த பந்தைத் தானே அடிக்காமல் பக்கத்தில் ஓடிவரும் சகாவுக்கு மெல்லத் தட்டிவிடுவதும் லே ஆஃப். பந்தயத் தரகர் தன் தலைக்கு மேல் போன பணயத்தை இன்னொரு தரகர் தலையில் கட்டுவதும் லே ஆஃப்.

வேடிக்கை சொல் வரிசையில் இருக்கிறது. 'லே ஆஃப் ஹிம்' என்றால் 'அவனை விடு, வம்பு பண்ணாதே'. 'லே ஹிம் ஆஃப்' என்றால் 'அவனை வீட்டுக்கு அனுப்பு'. ஒரு பிரதிப்பெயர் இடம் மாறினால் ஒரு குடும்பத்தின் வருமானம் போய்விடுகிறது.

வேலை தொடர்பான அர்த்தம் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் வளர்ந்தது. அங்கே அது முதலில் தற்காலிக ஏற்பாடு. டெட்ராய்ட் கார் ஆலைகளில் புது மாடலுக்காக இயந்திரங்களை மாற்றும் வாரங்களில் தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்புவார்கள். வேலை தொடங்கியதும் சீனியாரிட்டிப்படி திரும்பக் கூப்பிடுவார்கள். இந்த இடைவெளியைச் சமாளிக்க 1955-ல் ஃபோர்டு நிறுவனமும் வாகனத் தொழிலாளர் சங்கமும் தனி உதவித்தொகைக்கே ஒப்பந்தம் போட்டன. பிற்பாடு 'திரும்பக் கூப்பிடுவது' கழன்றுகொண்டது, சொல் மட்டும் தங்கிவிட்டது. 2022 நவம்பரில் மெட்டா நிறுவனம் 11,000-க்கு மேற்பட்டோரை அனுப்பியபோது செய்திகளில் வந்த லே ஆஃப் முழுக்க நிரந்தரமானது. பிரிட்டனில் இன்னும் சட்டம் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. நிரந்தரமாகப் போனால் அங்கே 'ரிடன்டன்சி'.

இந்தியச் சட்டமும் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. 1947-ம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டத்தில் இருந்த விளக்கத்தையே 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்பும் பின்பற்றுகிறது. நிலக்கரி இல்லை, மின்சாரம் இல்லை, மூலப்பொருள் இல்லை, சரக்கு தேங்கிவிட்டது, இயந்திரம் பழுது, இயற்கைப் பேரிடர் போன்ற காரணங்களால் முதலாளி வேலை கொடுக்க முடியாத நிலைதான் லே ஆஃப். முக்கியமான நிபந்தனை, தொழிலாளியின் பெயர் மஸ்டர் ரோலில் இருக்க வேண்டும். அவர் இன்னும் அந்த ஆலையின் ஆள். நிரந்தரமாக அனுப்புவதற்குச் சட்டத்தில் 'ரிட்ரென்ச்மென்ட்' என்று வேறு பெயர். ஒரு மாத நோட்டீஸ், வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் என்று கணக்கே வேறு.

லே ஆஃபில் இருப்பவருக்கு, 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஓராண்டு தொடர்ந்து பணியாற்றியிருந்தால், அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததில் பாதி கிடைக்கும். பதிலி, தற்காலிகத் தொழிலாளர்களுக்கு இது இல்லை. இதில் ஒரு கொக்கியும் உண்டு. வேலை நேரத்தில் தினமும் ஒருமுறையாவது ஆலைக்கு வந்து தலைகாட்ட வேண்டும். வராவிட்டால் பாதிச் சம்பளமும் போச்சு. நோட்டீஸ் பலகையில் லே ஆஃப் என்று ஒட்டியிருப்பதை யாரோ 'வேலையைவிட்டு எடுத்துட்டாங்க' என்று படித்துச் சொல்ல, அதை நம்பி ஊருக்குப் பஸ் ஏறுபவர் தன் உரிமையைத் தானே தொலைக்கிறார்.

தமிழில் சிக்கல் இன்னும் ஒரு படி அதிகம். 'பணிநீக்கம்' என்ற சொல்லில் குற்றத்தின் வாடை இருக்கிறது. லஞ்சம் வாங்கிய அதிகாரிக்கும் அதே சொல்தான். சரி, 'தற்காலிகப் பணிநீக்கம்' என்று எழுதலாமா? அதை 'சஸ்பெண்ட்' ஏற்கெனவே குத்தகைக்கு எடுத்துக்கொண்டது. ஆலையில் மின்சாரம் இல்லை என்பதற்காகச் சும்மா இருப்பவரை விசாரணைக்கு ஆளானவராக்கிவிடும் மொழிபெயர்ப்பு அது. 'கதவடைப்பு' என்பதும் ஒத்துவராது. அது தகராறில் முதலாளி எடுக்கும் ஆயுதம்.

ஆலைத் தொழிலாளர்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை. 'லே ஆஃப் விட்டிருக்காங்க' என்பார்கள். லீவு விடுவதுபோல 'விடுவது'. அந்த வினையிலேயே திரும்பிப்போகும் நம்பிக்கை ஒட்டிக்கொண்டிருக்கிறது. பத்திரிகைகளும் தற்காலிகமானதற்கு லே ஆஃப் என்றே எழுதிவிட்டுப் பக்கத்தில் 'வேலை தராமல் நிறுத்திவைப்பு' என்று ஒரு வரி விளக்கினால் போதும். நிரந்தரமானதற்கு 'ஆட்குறைப்பு' இருக்கவே இருக்கிறது.

அமெரிக்காவில் எச்-1பி விசாவில் இருக்கும் பொறியாளருக்கோ இந்தத் தற்காலிகமும் நிரந்தரமும் ஒன்றுதான். வேலை முடிந்த நாளிலிருந்து அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு நிறுவனம் அவருக்காக மனு செய்ய வேண்டும், அல்லது விசா நிலையை மாற்றிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பெட்டி கட்ட வேண்டும். அடுத்த நேர்முகத் தேர்வில் 'ஏன் வேலையை விட்டீர்கள்?' என்று கேட்பார்கள். அங்கே மட்டும் லே ஆஃப் அவருக்குக் கைகொடுக்கிறது. 'ஃபயர்' ஆனேன் என்றால் தப்பு அவருடையது, 'லே ஆஃப்' ஆனேன் என்றால் கம்பெனியுடையது. ஊரில் இருக்கும் அப்பாவிடம் தொலைபேசியில் இந்த வித்தியாசத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் அவருக்குப் பிடிபடாது.